அம்மாவின் மீன்கூடையும் ஆசிரியர் வைத்த புள்ளியும்

திண்டுக்கல்லில் வளரும் பிள்ளைக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. வீடுகளுக்கு மேலே எழும்பி நிற்கும் மலைக்கோட்டைப் பாறை, பூட்டுப் பட்டறையில் அரம் போடும் கை, பக்கத்துச் சின்னாளபட்டியில் சாயம் ஏறிக் காயும் சுங்குடிச் சேலை. அந்தப் பிள்ளை நாளை ஓவியராகவோ புகைப்படக்காரராகவோ ஆனால் பாறையையும் பூட்டையும்தான் வரையுமா? அவ்வளவு நேரடியாக அது நடப்பதில்லை. எப்படி நடக்கிறது என்பதற்கு அடுத்த மாவட்டமான மதுரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார், மதுரைப் பக்கம் ஜவகர்லால்புரத்தில் வளர்ந்தவர். அம்மா மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கினார். பழனிகுமார் பொறியியல் படித்துவிட்டுக் கேமராவுக்கு வந்தார். மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் இவர். பிறகு, ஊரக மக்களின் வாழ்வைப் பதிவு செய்யும் ‘பாரி’ இணையதளத்துக்காகத் துப்புரவுத் தொழிலாளர்களையும் கடல்பாசி எடுக்கும் பெண்களையும் படம் எடுத்தார். 2022ஆம் ஆண்டுக்கான தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது.

இவற்றில் மீன் எங்கே இருக்கிறது? அம்மாவையே படம் எடுத்து, அவரைப் பற்றி எழுதியும் இருக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் மற்ற படங்களில்தான் அந்த மீன்கூடை அதிகம் தெரிகிறது என்பேன். உழைப்பவரைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று குனியும் பார்வை அவற்றில் இல்லை. உழைத்துச் சோறு போட்ட கையைச் சின்ன வயதிலேயே கிட்டத்தில் பார்த்தவருக்கு, எங்கே நின்று பார்ப்பது என்பதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்யம் அவருக்குக் கொடுத்தது அந்த இடத்தைத்தான்.

சிலருக்குப் பால்யம் ஒரு வடிவமாக வருகிறது. ஓவியர் எஸ்.எச். ரசா 1922இல் மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில் பிறந்தார். அப்பா வனத்துறைக்காரர். பள்ளியில் கவனம் நிலைக்காத பையன். ஆசிரியர் ஒருநாள் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். பையன் வளர்ந்து பம்பாய் போனார், 1950இல் பாரிஸ் போனார், ஊர்க் காட்சிகளும் தேவாலயங்களும் வரைந்து பெயர் வாங்கினார். 1970களின் கடைசியில்தான் அந்தக் கறுப்புப் புள்ளி ‘பிந்து’வாக அவருடைய ஓவியங்களுக்குள் வந்தது. வந்தது கடைசிவரை போகவில்லை. நடுவில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு.

ஓவியர் எம்.எஃப். ஹுசைன் கதை நேரெதிர். அவருக்கு இரண்டு வயது ஆகும் முன்பே அம்மா இறந்துவிட்டார். மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அம்மாவின் முகம் தெரியாது என்று ஹுசைனே சொல்லியிருக்கிறார். அவர் வரைந்த அன்னை தெரசா வரிசை ஓவியங்களில் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை இருக்கிறது, மடியில் குழந்தை இருக்கிறது, முகம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. நினைவே இல்லாத ஒன்றும் ஓவியத்துக்குள் வந்துவிடுகிறது.

இப்படிக் கேட்கும்போது எல்லாம் சொல்லி வைத்ததுபோல் தோன்றும். அங்கே கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். ரசாவின் வகுப்பில் வேறு பையன்களும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவை இழந்த பிள்ளைகள் எல்லாரும் ஹுசைன் ஆகவில்லை. கலைஞர் ஆனபிறகு திரும்பிப் பார்த்தால்தான் காரணம் தெரிகிறது. ஒரு பிள்ளையைப் பார்த்து, இது நாளைக்கு என்ன வரையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கலைஞர்களும் பேட்டி கொடுத்துக் கொடுத்துத் தங்கள் பால்யத்தைக் கொஞ்சம் மெருகேற்றிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழனிகுமார் இப்போது உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் எடுக்கக் கற்றுத்தருகிறார். ரசாவின் புள்ளி ஐம்பது வருடம் காத்திருந்தது. இந்தப் பிள்ளைகளோ தங்கள் வீட்டையும் தெருவையும், அதிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும்போதே படம் பிடிக்கிறார்கள். இதில் நினைவுக்கு வேலை குறைவு, மெருகேற்றவும் நேரமில்லை.