ஒரு துணி க்ளிப், ஓர் அரிவாள்மனை, நாலு விஞ்ஞானிகள்!

அறிவியல் கண்காட்சியை எல்லாரும் மேசைக்கு முன்னால் நின்றுதான் பார்ப்பார்கள். சார்ட், மாடல், இஸ்திரி போட்ட சீருடை, "வணக்கம் சார், எங்கள் செயல்திட்டத்தின் தலைப்பு..." என்று மூச்சுவிடாமல் வரும் மனப்பாடம். அதெல்லாம் நாளைக்கு! இன்றைக்கு நாம் மேசைக்குப் பின்னால் போகிறோம். இடம், பொள்ளாச்சிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் ஆய்வகம். நேரம், கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி சமையற்கட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது, அப்படி ஒரு களேபரம், அப்படி ஒரு சந்தோஷம்!

தரையெல்லாம் ஓலைக் கிழிசல். ஃபெவிகால் வாசனை. "மிஸ், குறடு யார்கிட்ட இருக்கு மிஸ்?" என்று நாலு பக்கமும் குரல். ஒரு மூலையில், கரும்பலகை டஸ்டரைத் தட்டினால் தூசி பறக்காமல் பிடித்து வைக்கும் ஈரப்பஞ்சுப் பெட்டி. இன்னொரு மூலையில், மழை விழுந்தால் துணிக்கொடிக்கு மேல் தானாக விரியும் பிளாஸ்டிக் கூரை. குவளைத் தண்ணீரை ஊற்றுகிறார்கள், கூரை விரிகிறது, ஆய்வகமே கைதட்டுகிறது! நானும் தட்டினேன். ஆனால் நடு மேசையில் ஓர் அரிவாள்மனையைக் கண்டபிறகு என் கால் அங்கிருந்து நகரவேயில்லை.

அரிவாள் இல்லாத அரிவாள்மனை

பலகை இருக்கிறது, அரிவாள் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரக்கட்டை. கட்டையின் உச்சியில் ஸ்டீல் துணி க்ளிப் ஒன்று. க்ளிப்பின் இரண்டு உதடுகளிலும் ஆக்சா பிளேடின் துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள், பல் உள்ள பக்கம் அல்ல, மழமழவென்ற முதுகுப் பக்கம். விரல் பட்டாலும் வெட்டாது.

"இதுல ஓலையை விட்டு இழுங்க," என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தேன். சர்ர்ர்! ஓலை இரண்டு பக்கமும் உரிந்து விழுந்தது, கையில் பளபளவென்று ஒற்றை ஈர்க்கு. இன்னொன்று, இன்னொன்று என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். சீமாறு கட்டுவதில் இத்தனை குஷி இருக்கிறதா!

தென்னை ஓலையின் ஈர்க்கு அடியில் தடிமன், நுனியில் நூல் மாதிரி மெலிவு. அதனால் அளவெடுத்து வைத்த இடைவெளி எதுவும் இதற்கு உதவாது. அடிக்குச் சரியாக வைத்தால் நுனியில் ஓலை உரியாது, நுனிக்குச் சரியாக வைத்தால் அடி உள்ளேயே போகாது. ஈர்க்கு மெலிய மெலிய இடைவெளியும் சேர்ந்து குறுக வேண்டும். இந்த ஒரு விஷயம்தான் இதைச் செய்த நாலு மாணவர்களையும் வாரக்கணக்கில் படுத்தி எடுத்திருக்கிறது. ரப்பர் பேண்ட் போட்டார்கள், இரண்டு நாளில் தொய்ந்தது. பேனா ஸ்பிரிங் போட்டார்கள், ஈர்க்கைப் பிடிக்கத் தெம்பு போதவில்லை. பிளாஸ்டிக் க்ளிப் வெடித்தது. கடைசியில் வீட்டுக் கொடியிலிருந்து உருவி வந்த ஸ்டீல் க்ளிப் கச்சிதமாக நின்றது. ஆனால் அதன் அழுத்தம் மெல்லிய நுனியை நசுக்கியது. என்ன செய்தார்கள் தெரியுமா? க்ளிப்பின் உதடுகளுக்கு நடுவே ஓர் ஓரத்தில் தீக்குச்சித் துணுக்கு ஒன்றை ஒட்டிவிட்டார்கள். இனி அதற்குமேல் க்ளிப் மூடாது. ஒரு தீக்குச்சித் துணுக்கு! எனக்குப் புல்லரித்துவிட்டது.

யார் கஷ்டம் இது?

இந்தப் பள்ளியின் அறிவியல் டீச்சர் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு விதி போட்டுவிடுகிறார். 'என்ன செய்யலாம்?' என்று யாரும் அவரிடம் வரக்கூடாது. 'யார் கஷ்டப்படுறாங்க?' என்று பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும். மோட்டார், சென்சார் எல்லாம் அதற்கப்புறம், தேவைப்பட்டால் மட்டும்.

நாலு பேரில் ஒருவனின் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, தோப்பில் ஓலை பொறுக்கிச் சீமாறு கட்டி விற்கிறார். கத்தியால் சீவிச் சீவிக் கட்டைவிரலெல்லாம் கீறல். பையன் அதை நோட்டில் வரைந்துகொண்டு வந்தான். முதல் பக்கத்தில் அந்தக் கட்டைவிரல் படம்தான் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால் தேதி, படம், 'ஏன் உடைந்தது?' என்று சிவப்பு மையில் கேள்வி. கண்காட்சியில் பளபளக்கும் மாடலைவிட இந்த அழுக்கு நோட்டுத்தான் எனக்குப் பொக்கிஷமாகத் தெரிந்தது.

தெருவில் ஒருவர் படும் பாட்டைப் பார்த்த கண், எத்தனை தூரம் கொண்டுபோகும் என்பதற்குத் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் இருக்கிறார். இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைத் தெருவோரம் கொட்டி ஆறவைப்பதைப் பார்த்து, 12 வயதில் சூரிய சக்தி இஸ்திரி வண்டியை யோசித்தவர். கூரையில் சோலார் பலகை, கீழே பேட்டரி. 5 மணி நேர வெயில், 6 மணி நேர இஸ்திரி. 2020-ல் சுவீடனின் குழந்தைகளுக்கான பருவநிலை விருது, 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடை. எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு கரிப்பெட்டி!

இது ஏற்கெனவே இருக்கா?

புதுசு என்று சொல்லிக்கொள்ளும் முன் தேடிப் பார்த்தாக வேண்டும். இவர்களும் தேடினார்கள். ஈர்க்கு சீவ மோட்டார் இயந்திரங்கள் ஏற்கெனவே இருப்பது தெரிந்ததும் இரண்டு நாள் யாருக்கும் முகமே சரியில்லையாம். டீச்சர் கேட்டாராம், "அம்மிச்சி அதை வாங்குவாங்களா? தோப்புல கரண்ட் இருக்கா?" அங்கேதான் அரிவாள்மனை வந்தது! காலால் மிதித்து, உட்கார்ந்தபடி, இரண்டு கையாலும் வேலை செய்வது அம்மிச்சிக்கு அறுபது வருஷப் பழக்கம். அந்தப் பழக்கத்தின் மேலேயே கருவியை ஏற்றிவிட்டார்கள். சுயமான கண்டுபிடிப்பு என்பது எல்லாப் பாகமும் புதிதாக இருப்பது அல்ல. பலகையும் பழசு, க்ளிப்பும் பழசு. இரண்டையும் இந்த வேலைக்காகச் சேர்த்த யோசனை இவர்களுடையது.

யோசனைக்குக் காசும் கிடைக்கும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசிய புத்தாக்க அறக்கட்டளையும் நடத்தும் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வானால், மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அப்புறம் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று கண்காட்சிகள். யோசனை பெரிதாக வளர்ந்தால் காப்புரிமையும் கேட்கலாம். புதியதாக இருக்க வேண்டும், எளிதில் யாருக்கும் தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும் என்று மூன்றைச் சட்டம் கேட்கிறது.

நடுவர் வந்தாச்சு!

ஆறு மணிக்கு வந்தார் நிஜமான நடுவர். அம்மிச்சி! புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார், பலகையை மிதித்தார், ஒரு வார்த்தை பேசாமல் இழுத்துக்கொண்டே போனார். நாலு பேரும் மூச்சுவிடவில்லை. ஒரு பிடி ஈர்க்கு சேர்ந்ததும் நிமிர்ந்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா கண்ணு, எனக்கு இடது கைப் பழக்கமாச்சே. இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வையேன்."

பாராட்டு முடியும் முன்பே நாலு தலைகளும் நோட்டுக்குள் கவிழ்ந்துவிட்டன. கட்டையைச் சுழலுகிற மாதிரி வைத்தால் என்ன? ஒரு போல்ட் போதுமா? நாளைக்குக் கண்காட்சி என்பதே யாருக்கும் நினைவில்லை!

பெற்றோர்களே, அடுத்த செயல்திட்டத்துக்குக் கடையில் ரெடிமேட் மாடல் வாங்கித் தராதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அடுப்படியிலோ தோப்பிலோ தெருமுனைக் கடையிலோ உட்காரவையுங்கள். கையில் ஒரு நோட்டு கொடுங்கள். யாருக்கு எங்கே வலிக்கிறது என்று பிள்ளையே எழுதிக்கொண்டு வரும். துணி க்ளிப் மட்டும் ஒன்றிரண்டு காணாமல் போகும், கேட்காதீர்கள்!