வேளை தவறிய மருந்து

1817-ம் வருஷத்தில் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் விவரித்த நடுக்கு வாதத்துக்கு இன்று லெவோடோபாவே பிரதான மருந்து. அதன் சக்தி சில மணி நேரமே நிற்கும். வேளை தவறினால் அங்கங்கள் விறைக்கும், நடையும் பேச்சும் தடைப்படும், விழுங்குவதும் கடினமாகும். திடீரென நிறுத்திவிட்டால் உயிருக்கே அபாயம் நேரலாம்.

வீட்டில் கடிகாரம் பார்த்து மருந்துண்டவர், ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் மருந்து வண்டி வரும்வரை காத்துக் கிடப்பதை நியாயமென்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். இங்கிலாந்தில் நைஸ் என்னும் சுகாதார ஸ்தாபனம், குறித்த வேளைக்கு முன்பின் 30 நிமிஷத்துக்குள் லெவோடோபா கொடுக்கப்பட வேண்டுமென 2018-ல் தரம் வகுத்தது. ஏட்டிலுள்ள விதி மட்டும் நோயைத் தணிக்காது. இயன்ற நோயாளி தம் மருந்தைத் தாமே உண்ண இடங்கொடுக்க வேண்டும். ஏனையோருக்குத் தாதிமார் வேளையறிந்து அளிக்க வேண்டும். வார்டின் சௌகரியத்துக்காக நோய் காத்திராது.