ஒரு படிமம், நூறு சர்வர்கள்

மாணவர்களே! வினாத்தாளின் மூலப்படியில் ஒரு பிழை இருந்தால், நூறு படிகளிலும் அதே பிழைதான் இருக்கும் அல்லவா? கணிப்பொறி உலகிலும் இப்படி ஒன்று உண்டு.

2006-இல் அமேசான் நிறுவனம் தன் சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. வாடகைக்கு எடுப்போர் ஒவ்வொரு சர்வரிலும் மென்பொருள்களைப் புதிதாக நிறுவிக்கொண்டிருப்பதில்லை. எல்லாம் நிறுவப்பட்ட ஒரு வட்டின் முழுப் பதிவிலிருந்தே வேண்டிய அளவு சர்வர்களை இயக்குவர். அப்பதிவுக்குப் படிமம் என்று பெயர்.

படிமம் தயாரிக்கும் கருவிகளுள் ஒன்று, 2013-இல் வெளிவந்த 'பேக்கர்'. எந்த அடிப்படைப் படிமத்தில் தொடங்குவது, என்னென்ன கட்டளைகளைச் செய்வது என்று ஒரு கோப்பில் எழுதித் தரவேண்டும். நம் ஆய்வகக் குறிப்பேட்டின் 'செய்முறை' போலத்தான். பேக்கர் ஒரு தற்காலிகச் சர்வரை இயக்கி, கட்டளைகளை நிறைவேற்றி, வட்டைப் பதிவு செய்யும். பின்னர் அந்தச் சர்வரை அழித்துவிடும்.

சர்வர் அழிந்தாலும் அதன் வட்டில் கிடந்தவை படிமத்தில் தங்கிவிடும்! மென்பொருளை இறக்கப் பயன்பட்ட கடவுச்சொல் ஏதேனும் ஒரு கோப்பில் கிடந்தால், படிமம் கைக்குக் கிடைத்த எவரும் அதைப் படிக்கலாம். ஆகவே கடவுச்சொல்லை வட்டில் எழுதாதிருப்பதே நல்லது. சர்வர் இயங்கும் வேளையில் அதைத் தனியே தரலாம்.

இன்னொன்று, சர்வர் தன்னை அடையாளம் காட்டும் இரகசியச் சாவி. அதுவும் படியெடுக்கப்பட்டால் நூறு சர்வர்களுக்கும் ஒரே அடையாளம். ஒன்றின் சாவியைத் திருடியவன் மற்றவையாகவும் நடிக்கலாம். எனவே செய்முறையின் இறுதிக் கட்டளை அச்சாவியை அழிப்பதாக இருக்கவேண்டும். மேகச் சேவைக்கென அமைந்த லினக்ஸ் படிமங்கள், முதன்முறை இயங்கும்போது தமக்கெனப் புதுச் சாவியை உருவாக்கிக்கொள்ளும்.