மருத்துவக் கஞ்சா சாகுபடி: முன்பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

"விதை நாங்கள் தருகிறோம், உரிமம் நாங்கள் வாங்கித் தருகிறோம், விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். முன்பணம் மட்டும் கட்டுங்கள்." மருத்துவக் கஞ்சா என்ற பெயரில் யாராவது இப்படிச் சொல்லி வந்தால், கலவை, திமிரி, ஆற்காடு பகுதி விவசாயிகள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குக் கஞ்சா சாகுபடி உரிமம் வழங்கும் திட்டம் எதுவும் நடைமுறையில் இல்லை. எனவே அப்படி ஓர் உரிமத்தை இடைத்தரகர் எவராலும் வாங்கித் தர முடியாது.

சட்டம் சொல்வது என்ன?

1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "இலைக்கும் விதைக்கும் தடை இல்லை" என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. பூவும் காயும் சேராத தனி இலையையும் விதையையும் சட்டம் 'கஞ்சா' என்று கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் செடியை வளர்ப்பதே குற்றம். இலைக்காக வளர்த்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களும் கவனிக்க வேண்டும். தன் நிலத்தில் இந்தச் செடி இருப்பது தெரிந்தும் காவல்துறைக்குத் தகவல் தராத நில உரிமையாளருக்கும் தண்டனை உண்டு.

அனுமதி ஏன் இவ்வளவு தாமதமாகிறது?

மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அனுமதி தர மாநில அரசுக்குச் சட்டத்தின் 10-வது பிரிவு அதிகாரம் தருகிறது. நாருக்கும் விதைக்கும் 14-வது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் மாநில அரசு விதிமுறை வகுத்து, உரிமம் கொடுத்து, கண்காணிக்க ஆள் போட்டால்தான் அந்த வழி திறக்கும்.

உத்தரகாண்ட் 2018-ல் தொழிற்பயன்பாட்டுக்கான கஞ்சா சாகுபடிக்கு அனுமதி தந்தது. போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் அதில் 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது உலர்ந்த 1 கிலோவில் 3 கிராம். சாகுபடியில் இந்த அளவைக் காப்பது எளிதல்ல. இது காற்றில் மகரந்தம் பரவும் பயிர். பக்கத்தில் போதை வகைச் செடி இருந்தால் கலப்பு ஏற்படும்; அடுத்த பருவத்து விதையின் தூய்மை கெடும். இமாச்சலப் பிரதேசம் 2023-ல் குழு அமைத்து ஆராய்ந்தது. 2025 ஜனவரியில்தான் பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்கள் மூலம் முன்னோடி ஆய்வுக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஜம்முவில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாக்கப்பட்ட வயலில் ஆராய்ச்சிக்காக வளர்க்கிறது.

விற்பனை பக்கமும் இதே கதைதான். நம் நாட்டில் கஞ்சா இலை சேர்ந்த ஆயுர்வேத மருந்தை ஆயுஷ் உரிமம் பெற்றவர்கள்தான் தயாரிக்க முடியும். மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் அச்சிட வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 நவம்பரில் மக்கள் வாக்களித்து அனுமதித்தார்கள். முதல் மருந்தகம் 2015 ஜூனில்தான் திறந்தது. சட்டம் வந்த இடத்திலேயே கடை திறக்க இரண்டரை ஆண்டு ஆனது. இங்கே கடையும் இல்லை, உரிமமும் இல்லை. விளைவித்தால் யாரிடம் விற்பீர்கள்?

உண்மையான உரிமம் எப்படி இருக்கும்?

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் மருந்துக்காக அபின் பயிரிடும் விவசாயிகள் இருக்கிறார்கள். மத்திய போதைப்பொருள் துறை ஆண்டுதோறும் உரிமம் தந்து, வயலை அளந்து, அபினை அரசே கொள்முதல் செய்கிறது. உரிமம் அரசிடமிருந்து விவசாயியின் பெயருக்கு நேராக வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அரசாணை எண்ணும் நகலும் கேளுங்கள். அதை வட்டாட்சியர் அலுவலகத்தில் காட்டி உறுதி செய்யுங்கள். காகிதம் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

2. முன்பணமோ, ஆதார், சிட்டா நகலோ கொடுக்காதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்தும் போடாதீர்கள்.

3. எந்த மூலிகைப் பயிரானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி பதிவு செய்ய மறுக்கும் வியாபாரியை நம்ப வேண்டாம்.

4. பெயரில் ஏமாறாதீர்கள். நாம் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பை ஆங்கிலத்தில் 'சன் ஹெம்ப்' என்பார்கள். அது வேறு குடும்பச் செடி; அதற்குத் தடை இல்லை. 'ஹெம்ப் விதை' என்று வேறு எதையாவது தந்தால் விதைக்கும் முன் வேளாண்மை உதவி அலுவலரிடம் காட்டுங்கள்.

நாளை அரசு அனுமதி தந்தால் அது அரசாணையாகவே வரும். வேளாண்மைத் துறை வழியாக உங்களுக்கும் தெரிய வரும். அதுவரை, மூலிகை பயிரிட விரும்புபவர்கள் நிலாவிரை, நித்தியகல்யாணி போன்ற மானாவாரிப் பயிர்களைப் பற்றி விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். அவற்றிலும் வாங்குபவரை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு விதையுங்கள்.