டிஸ்சார்ஜ் புக்கில் பெயர் சரியா?

சில ஆண்டு ராணுவப் பணி, பிறகு அழைத்தால் போகவேண்டிய ரிசர்வ் பட்டியல் என்று ஊர் திரும்பிய பெரியவர்கள் நம் காலனிகளில் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு காலமும் சேர்ந்து 15 ஆண்டு நிறைந்தால்தான் ரிசர்விஸ்ட் பென்ஷன். பதிவேட்டில் ரிசர்வ் காலம் விடுபட்டால் அந்தத் தகுதியே போச்சு.

அதைவிடத் தொல்லை பெயர்ப் பிழை. ஆளெடுப்பில் எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார்; வயது குத்துமதிப்பு. மனைவி அங்கே சின்னப்பொண்ணு, ரேஷன் கார்டில் மேரி. கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போதுதான் ‘நீங்கதான் அவர் மனைவின்னு என்ன அத்தாட்சி?’ என்ற கேள்வி வருகிறது. பிள்ளை பெற்று வளர்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அங்கே காகிதம்தான் பேசும்.

திருத்த வேண்டியது அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. ராணுவ எண், டிஸ்சார்ஜ் புக் நகல், ஆதார், இரு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். விண்ணப்பம் எழுத அங்கே உதவி கேட்கலாம். பதிவேட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாவிட்டால், 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்; சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக அந்தத் தாள் உதவும்.

கல்லூரிப் பிள்ளைகளே, தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இந்த வாரமே திறந்து பாருங்கள். இப்போதென்றால் விண்ணப்பத்தில் அவரே கையெழுத்துப் போடுவார்.