சைலன்சரும் காபரேற்றரும்

பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், வன்னியிலே சில துளி பெற்றோலால் இயந்திரத்தை இயக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். கலவை பிழைத்தால் வண்டி இருமுவதை அன்றே கண்டோம். இன்று கிளிநொச்சியில் சைலன்சரை மாற்றும் இளைஞர் அதனைக் கருதுவதில்லை. ஒலி கூடினால் வலுவும் கூடியதென்பது அவர்தம் எண்ணம்! புகை தடையின்றி வெளியேறின், காற்று மிகுதியாக உட்புகும். எரிபொருள் போதாமற் சூடேறி, வால்வும் பிஸ்டனும் பழுதுறும். ஆதலின் காபரேற்றரைத் திருத்துதல் வேண்டும். முழுவேகத்திற்குப் பிரதான ஜெற்றைச் சற்றுப் பெரிதாக இடுக. இடைவேகத்திற்கு ஊசியை ஒரு படி உயர்த்துக. பின்னர் பிளக்கைக் கழற்றிப் பார்க்க: வெண்மையெனின் எரிபொருள் குறைவு, கரி படிந்திருப்பின் மிகுதி, இளங்கபில நிறமே ஏற்றது. காபரேற்றரில்லாப் புதிய வண்டிகளிலோ எரிபொருளை அளந்து விடுவது மின்னணுக் கருவி; ஆங்கு திருகாணி உதவாது, அக்கருவியின் கணக்கையே மாற்றல் வேண்டும்.