கைவிட்டுவிட்டார்களா? யார் சொன்னது!

“இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க” என்று டாக்டர் சொன்னால், ‘கைவிட்டுட்டாங்க’ என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். பக்கவாதம், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களில் வலி, புண், புரையேறல் இவற்றைத் தணிக்கும் வைத்தியம், சிகிச்சையோடு சேர்ந்தே தொடங்க வேண்டியது. லண்டனில் 1967-ல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் திறந்த செயின்ட் கிறிஸ்டபர்ஸ் இல்லம் புற்றுநோயாளிகளோடு நரம்பு நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டது.

கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில், கல்வராயன் மலை வெள்ளிமலைப் பக்கத்து அம்மாள் ஒருவரைப் பார்த்தேன். கணவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. படுத்த வாக்கிலேயே நீராகாரம் புகட்டினார். மடக்குக்கு மடக்கு புரையேறியது. “தண்ணிதானே, சுலபமா எறங்கும்னு நெனச்சேங்க” என்றார். எனக்குப் பகீரென்றது! தளர்ந்த தொண்டையில் தண்ணீர்தான் சட்டென்று மூச்சுக்குழலில் புகும். நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

நர்ஸ் ஓடிவந்து நிறுத்தினார். டாக்டர் விழுங்கும் திறனைச் சோதித்த பிறகு, முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, கெட்டியான சாமைக் கஞ்சியை அரை ஸ்பூன் அரை ஸ்பூனாகக் கொடுத்தார்கள். முழுங்கியாச்சா என்று பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். கெட்டி எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

படுக்கைப் புண்ணுக்குப் பவுடர் போதாது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும்.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும்போதே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரைப் பார்ப்பது என்று விசாரியுங்கள். படுத்த ஆளை மறுபடி மலையிறக்கிக் கொண்டுவருவது லேசா என்ன?